ஹிட்லர் செத்த பிறகு அவன் ஆட்கள் எங்கே போனார்கள்?

2021-ம் ஆண்டு செப்டம்பர் 30-ந் தேதி. வடக்கு ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லம். காலை நேரத்தில் 96 வயது மூதாட்டி ஒருவர் டாக்சியில் ஏறிக் கிளம்பினார். எங்கே போகிறார் என்று யாருக்கும் தெரியாது.

அன்று அவர் போயிருக்க வேண்டிய இடம் இட்சஹோ என்ற ஊரில் உள்ள கோர்ட்டு. அங்கே நீதிபதிகள் காத்திருந்தார்கள். வக்கீல்கள் காத்திருந்தார்கள். பல நாட்டுப் பத்திரிகைக்காரர்கள் கூடியிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் இடம் மட்டும் காலியாக இருந்தது!

சில மணி நேரம் தேடியபின் ஹாம்பர்க் நகரில் போலீசார் அவரைப் பிடித்தார்கள்.

கோர்ட்டைக் கண்டு ஓடும்படி அந்த மூதாட்டி செய்த குற்றம் என்ன? அவர் துப்பாக்கி எடுத்தார் என்று யாரும் சொல்லவில்லை. யாரையும் அடித்தார் என்றும் சொல்லவில்லை. அவர் டைப் அடித்தார். அதுதான் வழக்கு.

1943 ஜூன் முதல் 1945 ஏப்ரல் வரை ஸ்டுட்ஹோப் வதை முகாமில் அவர் ஸ்டெனோ-டைப்பிஸ்ட். அப்போது வயது 18, 19. போலந்தில் டான்சிக் நகரத்துக்கு அருகில் நாஜிகள் அமைத்த முகாம் அது. 60 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே மாண்டார்கள். முகாமின் தலைமை அதிகாரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, டைப் அடித்துக் கொடுப்பது அவருடைய வேலை.

ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்டு சர்ட்டிபிகேட்டுகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ரெயில் ஏறி பம்பாய்க்கும் டெல்லிக்கும் கல்கத்தாவுக்கும் வந்த தமிழர்கள் எத்தனை ஆயிரம்! அதிகாரி சொன்னதை அட்சரம் பிசகாமல் அடித்துக் கொடுப்பதுதான் நல்ல டைப்பிஸ்டுக்கு அழகு என்று படித்தவர்கள் நாம். டைப் அடிப்பது எப்படிக் கொலையாகும் என்ற கேள்வி நமக்கும் எழத்தான் செய்யும்.

அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால் 1945-க்குப் போக வேண்டும்.

12 பேர் போக மீதி?

1945 ஏப்ரல் 30-ந் தேதி பெர்லினில் பாதாள அறை ஒன்றில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டான். மே 8-ந் தேதி ஜெர்மனி சரண் அடைந்தது. 60 லட்சம் யூதர்களைக் கொன்று குவித்த ஆட்சி முடிந்தது.

நியூரம்பர்க் நகரில் நேச நாடுகள் சர்வதேச நீதிமன்றம் அமைத்தன. 1945 நவம்பர் 20-ந் தேதி விசாரணை தொடங்கியது. 1946 அக்டோபர் 1-ந் தேதி தீர்ப்பு வந்தது. 12 பேருக்குத் தூக்கு. அவர்களில் கோயரிங், தூக்கு மேடைக்குப் போவதற்கு முன்பே விஷம் தின்று செத்தான். போர்மன் கோர்ட்டுக்கு அகப்படவே இல்லை. மற்ற 10 பேரும் தூக்கில் தொங்கினார்கள்.

உலகம் பெருமூச்சு விட்டது. கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தது.

ஆனால், போர் முடிந்தபோது நாஜிக் கட்சியின் உறுப்பினர்கள் ஏறத்தாழ 85 லட்சம் பேர்! 12 பேர் போக மீதிப் பேர் எங்கே போனார்கள்?

காட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போனார்கள். கொஞ்ச நாள் கழித்து ஆபீசுக்கும் போனார்கள்.

சலவைத் தூள் சர்ட்டிபிகேட்

நாஜிகளை வடிகட்ட நேச நாடுகள் ஒரு வழி செய்தன. அமெரிக்கப் படை பிடித்திருந்த பகுதியில், வயது வந்தவர்கள் 131 கேள்விகள் கொண்ட படிவத்தைப் பூர்த்தி செய்ய வேண்டும். எந்தக் கட்சி, எந்தச் சங்கம், என்ன பதவி, என்ன சம்பளம் என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

இதற்கு மாற்று மருந்து உடனே கண்டுபிடிக்கப்பட்டது. அதுதான் நன்னடத்தைக் கடிதம்! பாதிரியார் ஒன்று கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று கொடுப்பார். பழைய முதலாளி ஒன்று கொடுப்பார். "இவர் பெயருக்குத்தான் கட்சியில் இருந்தார். மனதில் நாஜி இல்லை" என்று அதில் எழுதியிருக்கும். நான் உனக்கு, நீ எனக்கு என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டவர்களும் உண்டு.

ஜெர்மானியர்களே இதற்கு ஒரு கேலிப் பெயர் வைத்தார்கள். "பெர்சில்" என்பது அங்கே பிரபலமான சலவைத் தூள். அதைப் போட்டால் எந்த அழுக்கும் வெள்ளையாகுமாம். அதனால் இந்தக் கடிதங்களுக்குப் "பெர்சில் சர்ட்டிபிகேட்" என்று பெயர்!

1951-ல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. போருக்குப் பிறகு வேலை இழந்திருந்த அரசு ஊழியர்களில் பெரும்பாலோர் மறுபடி வேலைக்கு வர அந்தச் சட்டம் கதவைத் திறந்துவிட்டது.

எவ்வளவு பேர் வந்தார்கள்? ஜெர்மன் நீதி அமைச்சகமே பிற்காலத்தில் தன் பழைய பைல்களை ஆராய ஏற்பாடு செய்து, 2016-ல் முடிவை வெளியிட்டது. 1949 முதல் 1973 வரை அந்த அமைச்சகத்தில் உயர் பதவி வகித்த 170 சட்ட நிபுணர்களில் 90 பேர் முன்னாள் நாஜிக் கட்சி உறுப்பினர்கள்! சட்டம் எழுதும் பேனா அவர்கள் கையில் இருந்தது.

இன்னொரு உதாரணம் ஹன்ஸ் குளோப்கே. யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நியூரம்பர்க் இனச் சட்டங்களுக்கு 1936-ல் விளக்க உரை எழுதியவர்களில் ஒருவர். இவரே 1953 முதல் 1963 வரை பிரதமர் அடினாரின் அலுவலகத்துக்குத் தலைமை அதிகாரி!

அமெரிக்காவும் ரஷ்யாவும் பனிப்போரில் இறங்கிவிட்டன. பழைய பகை பின்னுக்குப் போனது. லியோன் நகரில் "கசாப்புக்காரன்" என்று பெயர் வாங்கிய கிளாஸ் பார்பியை அமெரிக்க உளவுத்துறையே வேலைக்கு வைத்துக்கொண்டது. பிறகு அவன் பொலிவியாவில் "ஆல்ட்மன்" என்ற பெயரில் வாழ்ந்தான். 1983-ல்தான் பிரான்சு கையில் கிடைத்தான். 1987-ல் ஆயுள் தண்டனை பெற்று, 1991-ல் சிறையில் இறந்தான்.

பஸ்சில் வந்த குமாஸ்தா

பெயர் மாற்றிக்கொண்டவர்களில் பெரிய கை அடால்ப் ஐக்மன். ஐரோப்பா முழுவதிலும் இருந்து யூதர்களை ரெயிலில் ஏற்றிக் கொலை முகாம்களுக்கு அனுப்பிய இலாகாவின் தலைவன். 1942 ஜனவரி 20-ந் தேதி வான்சீ என்ற இடத்தில் 15 அதிகாரிகள் கூடி, யூத இனத்தை அழிக்கும் வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பைத் தயாரித்தவன் இவன்தான்.

போர் முடிந்ததும் அமெரிக்கர்களிடம் அகப்பட்டான். பொய்ப் பெயர் சொன்னான். 1946-ல் முகாமில் இருந்து தப்பினான். வட ஜெர்மனியில் இன்னொரு பெயரில் மரம் வெட்டினான், கோழி வளர்த்தான். 1950-ல் இத்தாலியில் சில பாதிரிமார் உதவியோடு "ரிக்கார்டோ கிளெமென்ட்" என்ற பெயரில் செஞ்சிலுவைச் சங்கப் பயணச் சீட்டு வாங்கி, அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறினான். மனைவி, மக்களும் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். தலைநகர் புயனஸ் அயர்சின் புறநகரில் மின்சாரம் கூட இல்லாத வீடு. மெர்சிடிஸ் பென்ஸ் தொழிற்சாலையில் வேலை. காலையில் பஸ், மாலையில் பஸ்.

பார்ப்பவர்களுக்கு அவன் ஒரு சாதாரண வேலைக்காரன். உள்ளே என்ன இருந்தது?

1957-ல் வில்லம் சாசன் என்ற முன்னாள் நாஜிப் பத்திரிகைக்காரனின் வீட்டில் பழைய கூட்டாளிகள் கூடுவார்கள். டேப் ரிகார்டர் ஓடும். அதில் ஐக்மன் மனம் விட்டுப் பேசினான். எதற்கும் வருந்தவில்லை என்றான். 1 கோடியே 3 லட்சம் யூதர்களையும் கொன்று முடித்திருந்தால் திருப்திப்பட்டிருப்பேன் என்றான். ஹிட்லர் செத்து 12 ஆண்டு கழித்து, உலகத்தின் மறுகோடியில் உட்கார்ந்து, வேலை பாதியில் நின்றுவிட்டதே என்று குறைப்பட்ட மனிதன் அவன்!

பெயர் மாறியது. ஊர் மாறியது. எண்ணம் மாறவில்லை.

கண் தெரியாதவர் கண்டுபிடித்தார்

அவனைப் பிடித்துக் கொடுத்தது எந்த வல்லரசின் உளவுப்படையும் அல்ல. நாஜி முகாமில் அடைபட்டு, பின்னர் அர்ஜென்டினாவில் குடியேறிய ஒரு யூதர். அவர் பார்வையை இழந்தவர். அவருடைய மகளோடு ஒரு ஜெர்மானிய இளைஞன் பழகினான். யூதர்களை முழுவதும் ஒழித்திருக்க வேண்டும் என்று அவன் பேசினான். தகப்பன் பெயர் மாற்றிக்கொண்டாலும் மகன் மாற்றிக்கொள்ளவில்லை. ஐக்மன் என்ற பெயரிலேயே திரிந்தான்! பார்வையற்றவருக்குப் பொறி தட்டியது. 1957-ல் ஜெர்மனியில் ஒரு அரசு வக்கீலுக்குத் தகவல் எழுதினார்.

அந்த அரசு வக்கீல் பிரிட்ஸ் பவர். அவரும் யூதர். 1933-ல் நாஜிகளால் முகாமில் அடைக்கப்பட்டவர். டென்மார்க்குக்கும் சுவீடனுக்கும் தப்பி ஓடி, 1949-ல் தாய்நாடு திரும்பியவர். ஹெஸ்ஸே மாநிலத்தின் தலைமை அரசு வக்கீலாக இருந்தார்.

கடிதத்தைப் பார்த்த பவர் என்ன செய்திருக்க வேண்டும்? தன் நாட்டுப் போலீசிடம் கொடுத்திருக்க வேண்டும். அவர் கொடுக்கவில்லை. கொடுத்தால் அங்கே உள்ள பழைய நாஜிகள் ஐக்மனுக்குத் தகவல் சொல்லி விடுவார்கள் என்று பயந்தார். ரகசியமாக இஸ்ரேல் நாட்டுக்குச் சொன்னார். ஒரு மாநிலத்தின் தலைமை அரசு வக்கீலுக்கே சொந்தப் போலீசின் மேல் நம்பிக்கை இல்லை என்றால், அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1960 மே 11-ந் தேதி மாலை. வேலை முடிந்து பஸ்சில் இருந்து இறங்கி வீட்டை நோக்கி நடந்த "கிளெமென்ட்" மீது இஸ்ரேலிய உளவாளிகள் பாய்ந்தார்கள். 1961-ல் ஜெருசலேம் நகரில் விசாரணை. கண்ணாடிக் கூண்டில் மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்து, "மேலிடத்து உத்தரவுப்படி நடந்தேன்" என்று சொன்னான். டேப்பில் பதிந்திருந்த குரல் அந்தக் கோர்ட்டில் ஒலிக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அது உலகத்தின் காதில் விழுந்தது. 1962 மே 31-ந் தேதி நள்ளிரவில் அவனுக்குத் தூக்கு. சாம்பலைக் கடலில் கரைத்தார்கள்.

பவர் அதோடு விடவில்லை. ஆஷ்விட்ஸ் முகாமில் வேலை பார்த்தவர்களைப் பிராங்பர்ட் கோர்ட்டில் நிறுத்தினார். 1963 முதல் 1965 வரை நடந்த அந்த வழக்கில் 17 பேர் தண்டிக்கப்பட்டார்கள். தங்கள் அண்டை வீட்டுக்காரன் போர்க்காலத்தில் என்ன செய்தான் என்று பல ஜெர்மானியர்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

பூ விற்றவர் செய்த பாவம் என்ன?

ஆட்கள் வயதாகிச் செத்துவிடுவார்கள். கொள்கை?

ஹிட்லர் செத்த நாலே ஆண்டில், 1949-ல், மேற்கு ஜெர்மனியில் "சோஷலிஸ்ட் ரைக் கட்சி" என்று ஒரு கட்சி தோன்றியது. ஹிட்லரின் படையில் மேஜர் ஜெனரலாக இருந்த ரேமர் அதன் முக்கியப் பேச்சாளன். 1951-ல் ஒரு மாநிலத் தேர்தலில் அது 100-க்கு 11 ஓட்டு வாங்கியது! 1952-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதைத் தடை செய்தது. நாஜிக் கொடியும் சின்னமும் ஜெர்மனியில் தடை செய்யப்பட்டவை.

கொடிக்குத் தடை போடலாம். மனதுக்கு யார் தடை போடுவது?

1961-ல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் செய்து தொழிலாளர்களை வரவழைத்தது. சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்தார்கள். பலர் அங்கேயே குடியேறிப் பிள்ளை குட்டி பெற்றார்கள். கிழக்கு ஜெர்மனிக்கு வியட்நாம் தொழிலாளர்கள் வந்தார்கள். யூதர்கள் மீது பாய்ந்த பழைய வெறிக்குப் புது இலக்கு கிடைத்தது. பிழைக்க வந்தவர்கள்!

1992 ஆகஸ்டில் ராஸ்டாக் நகரில் வியட்நாமியர் குடியிருந்த கட்டிடத்துக்குத் தீ வைத்தார்கள். உள்ளே நூற்றுக்கு மேற்பட்டவர்கள். வெளியே கூட்டம் கூடி நின்று கைதட்டியது. அந்த நவம்பரில் மோல்ன் என்ற ஊரில் வீட்டில் வைத்த தீக்கு 3 துருக்கியர் பலி. 1993 மே மாதம் சோலிங்கனில் 5 பேர் பலி. அத்தனை பேரும் பெண்களும் சிறுமிகளும்.

2000 செப்டம்பர் 9-ந் தேதி. ஊர் எது தெரியுமா? நியூரம்பர்க்! நாஜித் தலைவர்களை விசாரித்த அதே நியூரம்பர்க். சாலை ஓரத்தில் ஒரு பூ வியாபாரி. துருக்கியில் இருந்து வந்து, பாடுபட்டு வியாபாரத்தை வளர்த்தவர். அவரைச் சரமாரியாகச் சுட்டுப் போட்டார்கள். இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தார்.

அடுத்து ஒரு தையற்கடைக்காரர். பிறகு காய்கறிக் கடைக்காரர். இறைச்சி ரொட்டிக் கடைக்காரர். சாவி செய்பவர். பெட்டிக்கடைக்காரர். 2006 ஏப்ரலுக்குள் 9 பேர். 8 பேர் துருக்கி வழியினர், ஒருவர் கிரேக்கர். எல்லாரும் பட்டப்பகலில், பிழைக்கும் இடத்தில், ஒரே துப்பாக்கியால் சுடப்பட்டவர்கள்.

போலீஸ் யாரைச் சந்தேகப்பட்டது? செத்தவர்களையே! போதை மருந்து கடத்தினாரா, கள்ளக் கும்பலோடு சகவாசமா என்று குடும்பத்தைத் துருவியது. பூ வியாபாரியின் மனைவியிடம் ஒரு பெண்ணின் போட்டோவைக் காட்டி, உன் கணவருக்கு இவளோடு தொடர்பு என்று சொன்னது. அது போலீஸ் கட்டிய கதை. பத்திரிகைகள் துருக்கிப் பலகாரத்தின் பெயரை வைத்து "டோனர் கொலைகள்" என்று எழுதின.

குடும்பத்தார் 2006 மே மாதம் காசல் நகரில் ஊர்வலம் போனார்கள். "10-வது பலி வேண்டாம்" என்று கேட்டார்கள். யாரும் காது கொடுக்கவில்லை. 2007-ல் ஒரு பெண் போலீஸ்காரர் கொல்லப்பட்டார். அவர் 10-வது.

2011 நவம்பர் 4-ந் தேதி தற்செயலாக உண்மை வெளிவந்தது. ஒரு பாங்குக் கொள்ளைக்குப் பிறகு இரண்டு ஆண்கள் வண்டிக்குள் செத்துக் கிடந்தார்கள். கூட்டாளிப் பெண் நாலு நாளில் சரண் அடைந்தாள். கொலைகளைப் பற்றிப் பெருமை பேசி, கார்ட்டூன் படத்தோடு சேர்த்து அவர்கள் தயாரித்த வீடியோவும் கிடைத்தது. மூவரும் நாஜிக் கொள்கைக்காரர்கள். மூவரில் மூத்தவன் பிறந்த ஆண்டு 1973. ஹிட்லர் செத்து 28 ஆண்டு ஆகியிருந்தது!

அந்த நவம்பர் 11-ந் தேதி உள்நாட்டு உளவுத்துறை அதிகாரி ஒருவர் சில பைல்களை எந்திரத்தில் போட்டுக் கிழிக்கச் செய்தார். அந்தக் கொலைகாரர்கள் வளர்ந்த கூட்டத்தில் துறை வைத்திருந்த ஒற்றர்களைப் பற்றிய பைல்கள் அவை.

2012-ல் பிரதமர் மெர்க்கல் குடும்பங்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அதே கூட்டத்தில் பூ வியாபாரியின் மகள் பேசினார். தகப்பனைப் பறிகொடுத்தவர்கள் என்று மனச்சாட்சியோடு சொல்லிக்கொள்ளக்கூட 11 ஆண்டுகள் எங்களை விடவில்லை என்றார். 2018-ல் அந்தப் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை. 2020 பிப்ரவரியில் ஹானவ் நகரில் இன்னொரு இனவெறியன் ஒரே இரவில் 9 பேரைச் சுட்டுக் கொன்றான்.

ஜன்னல் வழியே

இனி, டாக்சியில் ஓடிய டைப்பிஸ்டிடம் வருவோம்.

1954-லேயே அவர் கோர்ட்டில் சாட்சி சொன்னவர். முகாம் தலைவர் தினமும் கடிதம் சொல்வார், நான் எழுதுவேன். கொலை நடந்தது எனக்குத் தெரியாது என்றார். அந்தத் தலைவனுக்கு 1957-ல் கிடைத்த தண்டனை 9 ஆண்டு. அதையும் முழுதாக அனுபவிக்காமல் வெளியே வந்துவிட்டான். டைப்பிஸ்டை யாரும் தொடவில்லை.

2011-ல்தான் நிலைமை மாறியது. சோபிபோர் முகாமில் காவல் காத்த டெம்யான்யுக் என்பவனுக்கு மூனிச் கோர்ட்டு தண்டனை விதித்தது. இன்னாரைக் கொன்றான் என்று தனித்தனியே நிரூபிக்கத் தேவையில்லை, கொலை எந்திரம் ஓட உதவியதே குற்றம் என்றது. 2015-ல் ஆஷ்விட்சில் கைதிகளின் பணத்தை எண்ணிக் கணக்கெழுதிய 94 வயதுக்காரர் தண்டிக்கப்பட்டார். அடுத்து டைப்பிஸ்டின் முறை.

குற்றம் நடந்தபோது வயது குறைவு என்பதால் 96 வயதுக்காரரை இளம் குற்றவாளிகள் கோர்ட்டில் விசாரித்தார்கள்! 2022 நவம்பரில் நீதிபதிகள் போலந்துக்கே போனார்கள். ஸ்டுட்ஹோப் முகாமில் அவர் வேலை பார்த்த கட்டிடத்தில் நின்று, அங்கிருந்து என்னவெல்லாம் கண்ணில் படும் என்று பார்த்தார்கள். முகாமின் பெரும் பகுதி தெரிந்தது. புதிய கைதிகளைக் கொண்டுவந்து நிறுத்தும் இடம் தெரிந்தது.

2022 டிசம்பர் 20-ந் தேதி தீர்ப்பு. 10,505 கொலைகளுக்கு உடந்தை. 2 ஆண்டு சிறை. ஆனால் உள்ளே போக வேண்டாம் என்று நிறுத்தி வைத்தார்கள். மேல் கோர்ட்டும் 2024 ஆகஸ்டில் அதையே உறுதி செய்தது. 2025 ஜனவரியில் 99-வது வயதில் அவர் காலமானார்.

இவ்வளவு காலம் கழித்து ஒரு கிழவியைக் கூண்டில் ஏற்றி என்ன பயன் என்று கேட்டவர்கள் உண்டு. முகாமில் தாயையும் தகப்பனையும் இழந்தவர்கள் அப்படிக் கேட்கவில்லை. பைல் நகர்ந்ததால்தான் ரெயில் நகர்ந்தது. ரெயில் நகர்ந்ததால்தான் விஷவாயு அறை நிரம்பியது. இது எல்லாருக்கும் தெரிந்தும், அந்த ஆபீசில் இருந்தவர்களிடம் நாடு 60 ஆண்டுகளுக்கு மேல் கேள்வி கேட்கவில்லை. கேள்வி கேட்காத இடத்தில்தான் அந்தக் கொள்கை சுகமாகக் குடியிருந்தது. பூ விற்றவர் செத்தபோதும் கேள்வி அவர் வீட்டாரிடம்தான் போனது.

தீர்ப்புக்குச் சில நாள் முன்பு, நடந்ததற்கெல்லாம் வருந்துவதாகவும், அந்தக் காலத்தில் ஸ்டுட்ஹோப்பில் இருந்ததற்காக வருந்துவதாகவும் அந்த மூதாட்டி கோர்ட்டில் சொன்னார். தன் கண்ணால் என்ன பார்த்தேன் என்று கடைசி வரை சொல்லவில்லை.

அர்ஜென்டினாவில் கண் தெரியாத மனிதர், ஒரு பையன் பேசிய பேச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடித்தார். ஸ்டுட்ஹோப் ஆபீசில் ஜன்னல் இருந்தது.